ஸ்ட்ரட் பார், லோயர் பிரேஸ் போட்டா வளைவுல வண்டி நெசமாவே மாறுமுங்களா?

பல்லடம்_டர்போ

எல்லாருக்கும் வணக்கமுங்க. என்ற வண்டி 2016 மாடல் டர்போ பெட்ரோல் ஹேட்ச்பேக். எடை 1100 கிலோ சுமாரு. முன்னால மேக்பெர்சன் ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒண்ணாச் சேர்ந்த தூண்), பின்னால டார்ஷன் பீம் (ரெண்டு பின் சக்கரத்தையும் கோர்க்கற குறுக்குச் சட்டம்). ஓட்டம் 92,000 கிலோமீட்டர். ஸ்பிரிங், டேம்பர் (ஷாக் அப்சார்பர்), புஷ் (மூட்டுல இருக்கற ரப்பர்) எல்லாம் கம்பெனியில வந்ததேதான். டயர் 195/55 ஆர்16. வருசத்துல மூணு நாலு தடவை செட்டிபாளையம் கரி ரேஸ் டிராக், மத்தபடி ஞாயித்துக்கிழமை ஆழியாறு டு வால்பாறை.

கோயமுத்தூர்ல ஒரு கடையில முன் ஸ்ட்ரட் பார் (ரெண்டு பக்க ஸ்ட்ரட்டோட மேல் முனையையும் கோர்க்கற கம்பி), பின் ஸ்ட்ரட் பார், முன் லோயர் பிரேஸ் (அடியில ரெண்டு பக்கத்தையும் கோர்க்கற கம்பி), நடு அடிப்பாகத்துக்கு எச் வடிவத்துல ஒரு பிரேஸ்னு ஒட்டுக்கா 38,000 சொல்றாங்க. "ஸ்போர்ட்ஸ் கார்ல கம்பெனிக்காரனே போட்டுத்தான் அனுப்பறான், உங்குளுக்கு என்ன யோசனை"ங்கறாங்க.

தொந்தரவு இதுதானுங்க: வளைவுக்குள்ள ஸ்டீரிங்க ஒடிச்சா வண்டி ஒரு நொடி யோசிச்சுட்டுத்தான் திரும்புது. வளைவு நடுவுல மேடுபள்ளம் வந்தா மூக்கு அரையடி அக்கட்டால தள்ளுது. நெம்ப வெசையா போனா முன் டயரு வழுக்கி வெளியே போகுது. அப்பறம் மோசமான ரோட்டுல டிக்கிப் பக்கம் கிறீச் கிறீச்சுனு ஒரு சத்தம். இந்த நாலும் பிரேஸ் போட்டா போகுமுங்களா? நாலு பார்ல ஒண்ணே ஒண்ணு போடறதுன்னா எதைப் போடலாமுங்க?

முறுக்குக்கணக்கு

காசு கொடுப்பதற்கு முன்னால் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம்.

பிரேஸ் செய்யக்கூடிய வேலை ஒன்றே ஒன்றுதான்: சஸ்பென்ஷன் மாட்டியிருக்கும் இடம் பாடியோடு சேர்ந்து அசையாமல் பார்ப்பது. அந்த இடம் ஏற்கெனவே அசையவில்லை என்றால் பாருக்கு அங்கே வேலை இல்லை. ஆகவே கேட்க வேண்டிய கேள்வி, உங்கள் வண்டியில் ஸ்பிரிங் எவ்வளவு விறைப்பு, பாடி எவ்வளவு விறைப்பு, இரண்டில் எது முதலில் வளைகிறது என்பது.

ஸ்பிரிங் பக்கம் முதலில். சக்கரத்தில் அளந்தால் முன் ஸ்பிரிங் மில்லிமீட்டருக்கு 25 நியூட்டன் என்று வைத்துக்கொள்ளுங்கள், சாதாரண ஹேட்ச்பேக்குக்குப் பொருந்தும் எண்தான். இரண்டு சக்கரத்துக்கும் நடுவே 1.46 மீட்டர். ரோல் விறைப்பு (வண்டி பக்கவாட்டில் சாய்வதைத் தடுக்கும் விறைப்பு) என்பது ஸ்பிரிங் விறைப்பை அந்த அகலத்தின் வர்க்கத்தால் பெருக்கி இரண்டால் வகுப்பது. அப்படிச் செய்தால் டிகிரிக்கு சுமார் 465 நியூட்டன் மீட்டர் வருகிறது. ஆன்டி ரோல் பாருக்கு (அந்தச் சாய்வைக் குறைக்கும் முறுக்குக் கம்பி) ஒரு 300 சேர்த்தால் முன்பக்கம் 765. பின்பக்கம் இதைவிடக் குறைவு, 500 என்று வையுங்கள். மொத்தம் 1300-க்குள்.

பாடி பக்கம்: இப்போது வரும் மூடிய ஹேட்ச்பேக்கை முழுசாக முறுக்கி ஒரு டிகிரி திருப்ப 15,000 நியூட்டன் மீட்டருக்கு மேல் வேண்டும். அதாவது பாடி, சஸ்பென்ஷனைவிடப் பத்து மடங்குக்கும் மேல் விறைப்பு. இந்த நிலையில் ஒரு பார் போட்டுப் பாடியை இன்னும் பத்து சதவீதம் விறைப்பாக்கினாலும் வளைவில் தெரியப்போவது எதுவும் இல்லை. ஏனென்றால் வளைவது ஸ்பிரிங், டயர், ரப்பர் புஷ். பாடி இல்லை.

லோட்டஸ் எலீஸ் என்ற ஸ்போர்ட்ஸ் காரின் முறுக்கு விறைப்பு 10,000-ஐ ஒட்டித்தான் சொல்லப்படுகிறது. பசையால் ஒட்டி உருவாக்கிய அலுமினிய சட்டம், எடை 68 கிலோ. எண்ணில் உங்கள் ஹேட்ச்பேக்கைவிடக் குறைவு. வளைவில் யார் முன்னால் போவார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. வண்டி லேசு, புவியீர்ப்பு மையம் தாழ்வு, மாட்டும் இடங்கள் சரியான இடத்தில் இருக்கின்றன.

சரி, கம்பெனிக்காரன் ஏன் போடுகிறான்? ஒரு தீப்பெட்டியை மூடியபடி முறுக்கிப் பாருங்கள். பிறகு உள் தட்டை மட்டும் வெளியே எடுத்து முறுக்குங்கள். கூரையில்லாத கார் அந்த உள் தட்டு. மஸ்தா எம்எக்ஸ்-5 மாதிரி வண்டிகளில் அடியில் பிரேஸ் வருவதற்கு அதுதான் காரணம். 1994-ல் அதற்கு 1.8 லிட்டர் எஞ்சின் வந்தபோதே அடிப்பக்கத்திலும் சீட்டுக்குப் பின்னாலும் கூடுதல் பிரேஸ்கள் சேர்த்தார்கள். கூரையுள்ள வண்டிக்காரர் அதைப் பார்த்து ஆசைப்படத் தேவையில்லை.

உங்கள் நான்கு தொந்தரவில் முதல் மூன்றும் 92,000 ஓடிய புஷ், டேம்பர், டயர் மூன்றின் வேலையாகத்தான் எனக்குப் படுகிறது.

கணபதி_பட்டறை

மேல எழுதின சாரு கணக்கு சரிங்க. ஆனா பார் போடறதே வீண்னு ஒரே போடாப் போட்டுற வேண்டாம். எந்தப் பார், எங்க போடறதுன்னு இருக்குது.

தம்பி, வளைவுல சக்கரத்து மேல வர்ற பக்கவாட்டு விசை எங்க போகுதுன்னு பாருங்க. தரையிலிருந்து லோயர் பால் ஜாயின்ட் (சக்கரத்தை லோயர் ஆர்மோட கோர்க்கற கீழ் மூட்டு) 200 மில்லி உசரம், ஸ்ட்ரட்டோட மேல் முனை 850 மில்லி உசரம்னு வெச்சுக்கங்க. டயர் தரையில 4000 நியூட்டன் பக்கவாட்டா புடிச்சா, நெம்புகோல் கணக்குல மேல டவருக்கு (ஸ்ட்ரட் மேல் முனை மாட்டற பாடி மேடை) போறது 1200 சொச்சந்தான். கீழ லோயர் ஆர்ம் மேல வர்றது 5200-க்குப் பக்கம். நாலு மடங்கு வித்தியாசம். பானெட்டைத் தொறந்தா பளபளன்னு தெரியறது மேல் பாரு. பாரம் தாங்கறது கண்ணுக்குத் தெரியாத கீழ் பக்கம். ஒண்ணே ஒண்ணுன்னா லோயர் ஆர்ம் மாட்டற ரெண்டு இடத்தையும் கோர்க்கற முன் லோயர் பிரேஸ்தான் போடோணும். அதுவும் உங்க வண்டியில சப்ஃப்ரேம் (லோயர் ஆர்ம் மாட்டற அடிச்சட்டம்) முழுக் கூடா, நாலு பக்கமும் மூடுன சட்டமா இருந்தா அதுக்கும் வேலை இல்லீங்க. அந்தச் சட்டமே பிரேஸ்தான். மொதல்ல வண்டியத் தூக்கி அடியில பாருங்க. சப்ஃப்ரேம் ஒரு பக்கம் தொறந்த வளையமா, ரெண்டு காதும் தொங்கற மாதிரி இருந்தாத்தான் லோயர் பிரேஸுக்கு அர்த்தம்.

இன்னொண்ணு, பெரும்பாலும் யாரும் யோசிக்கறதில்ல. வளைவுல ரெண்டு டவரையும் பக்கவாட்டு விசை ஒரே பக்கமாத்தான் தள்ளுது. வெளிச் சக்கரத்துல அதிகம், உள் சக்கரத்துல கம்மி. அப்ப மேல் பார் பாரத்த வெளி டவர்லருந்து உள் டவருக்குப் பங்கு போட்டுக் குடுக்குதே தவிர எதையும் புடிச்சு நிறுத்தறதில்ல. ரெண்டு சக்கரமும் ஒண்ணா குழியில எறங்கறப்பத்தான் ஸ்ட்ரட்டு உள்பக்கம் சாஞ்சு இருக்கறதால ரெண்டு டவரும் ஒண்ணை ஒண்ணு நெருங்கப் பார்க்கும். அப்பத்தான் பார் நெசமா மல்லுக்கட்டும்.

அந்தப் பாரும் நேரா இருந்தாத்தான். இங்க கடைக்குக் கடை தொங்குறது எஞ்சினச் சுத்தி வளைச்சு விட்ட பாரு. ஒரு கணக்கு சொல்றேன். 25 மில்லி வெளிவிட்டம், 2 மில்லி கனம், ஒரு மீட்டர் நீளம் ஸ்டீல் பைப்பு. நேரா இருந்தா அழுத்தத்துக்கு மில்லிமீட்டருக்கு 28,900 நியூட்டன் தாங்கும். அதே பைப்ப ஏறத்தாழ முழு நீளத்துக்கும் 50 மில்லி தள்ளி வளைச்சு, ரெண்டு முனையும் போல்ட்ல திரும்பற மாதிரி மாட்டுனா 750. நாப்பதுல ஒரு பங்கு! பைப்பு நசுங்கறதில்ல, வில்லு மாதிரி வளைஞ்சு குடுத்துருது. அலுமினியம்னா அதுலயும் மூணுல ஒரு பங்கு. பாலிஷ் போட்ட வளைஞ்ச அலுமினியப் பாரு அலங்காரத்துக்கு மட்டுந்தான்.

ரெண்டாவது சங்கதி ஓட்டை. 10 மில்லி போல்ட்டுக்கு பத்தரை மில்லி ஓட்டை போட்டிருப்பாங்க. டவர் அசையறதே பல வண்டியில ஒரு மில்லிக்குள்ளதான். அரை மில்லி ஓட்டையிலயே போயிட்டா பார் எங்கிருந்து வேலை செய்யும்? போல்ட் இறுக்கத்துல உராய்வால நிக்கோணும், அதுக்குப் பிராக்கெட் அடியில தடிமனான பெயிண்ட் இருக்கக்கூடாது. பெயிண்ட் நாள்பட அமுங்கி இறுக்கம் போயிரும்.

பட்டறையிலயே பண்ணிக்கறதுன்னா 25 மில்லி சீம்லெஸ் பைப்பு, 5 மில்லி தகடு. தகட்டு மேல பைப்ப வெச்சு சும்மா வெல்டிங்ல ஒட்ட வேண்டாம், ரெண்டு பக்கமும் முக்கோணத் தகடு குடுத்து ஒட்டோணும். ஜிக்குல (அசையாமப் புடிக்கற சட்டம்) புடிச்சு மாத்தி மாத்திப் பொட்டு வெச்சு அப்பறம் முழுசா ஒட்டுங்க. ஒரே மூச்சுல ஒட்டுனா பிராக்கெட்டு கோணிக்கும். கோணின பிராக்கெட்டை நட்டுப் போட்டு இழுத்து உக்கார வெச்சா டவர்தான் கோணும். உக்கடத்துல பழைய பைப்பு கெடைக்குதுன்னு வாங்கீராதீங்க, உள்ள துரு எவ்வளவுன்னு வெளியே தெரியாது. பாடி மேல நேரா வெல்டிங் வைக்கவே கூடாது. இப்பத்த வண்டிங்க தகடு நெறய எடத்துல உயர்பலத் தகடு, சூடு பட்டா பலம் போயிரும். பூச்சும் போயி துருவும் வரும்.

பல்லடம்_டர்போ

ரெண்டு பேருக்கும் நெம்ப நன்றிங்ணா. கடைக்காரங்க காட்டுனது வளைஞ்ச பாருதானுங்க, நடுவுல ரெண்டு போல்ட் மூட்டு வேற இருக்குது. அடியில எட்டிப் பார்த்தேன், சப்ஃப்ரேம் மூடுன சட்டமாத்தான் தெரியுது.

ஒரு சந்தேகம். டவர் அசையுதா இல்லையான்னு என்ற வண்டியிலயே கண்டுபுடிக்க வழி இருக்குதுங்களா? மேக்கொண்டு காசு போடறதுக்கு முன்னால தெரிஞ்சுக்கலாம்னு.

டயல்கேஜ்

இருக்கிறது. பெரிய கருவி ஒன்றும் வேண்டாம்.

ஒன்றுக்குள் ஒன்று தொளதொளப்பில்லாமல் நுழையும் இரண்டு அலுமினியக் குழாய்கள், 10 மிமீ, 12 மிமீ மாதிரி. மொத்த நீளம் டவருக்கு டவர் எட்டவேண்டும். இரண்டு முனையிலும் சின்ன எல் பிராக்கெட் வைத்து டவர் மேலுள்ள நட்டுகளில் மாட்டுங்கள். சில வண்டிகளில் டவர் மேல் சுற்று நட்டுகளே இருக்காது, நடு நட்டு மட்டும்தான். அப்படியென்றால் நட்டைத் தொடாமல், டவர் தகட்டைச் சுத்தமாகத் துடைத்துவிட்டு எபாக்ஸியால் பிராக்கெட்டை ஒட்டுங்கள். நடு நட்டைக் கழற்றவே கூடாது, அழுத்திய ஸ்பிரிங்கைப் பிடித்திருப்பதே அதுதான்.

இப்போது உள் குழாய் மேல் இறுக்கமான ஒரு ஓ ரிங் (ரப்பர் வளையம்). வெளிக் குழாயின் வாயில் ஒட்டி நிற்கும்படி நகர்த்தி வையுங்கள். டவர்கள் நெருங்கினால் வெளிக் குழாய் ஓ ரிங்கைத் தள்ளிவிட்டுத் திரும்பும். ஓட்டிவிட்டு வந்து பானெட்டைத் திறந்து, குழாய் வாய்க்கும் ஓ ரிங்குக்கும் நடுவே ஃபீலர் கேஜ் (கனம் குறித்த மெல்லிய தகடு) விட்டுப் பாருங்கள். அதிகபட்சமாக எவ்வளவு நெருங்கியது என்பது அதுதான். விலகுவதையும் அளக்க வேண்டுமென்றால் உள் குழாயில் ஒரு சின்னக் காலர், வெளிக் குழாய் வாயில் ஒரு கொக்கி வைத்து, குழாய் வெளியே வரும்போது இரண்டாவது ஓ ரிங்கை இழுக்கும்படி செய்யலாம். கொஞ்சம் பொறுமை வேண்டும், அவ்வளவுதான்.

ஒரு எச்சரிக்கை: எஞ்சின் சூட்டில் குழாய் நீளும். அலுமினியம் ஒரு மீட்டருக்கு 10 டிகிரி சூட்டுக்கு கால் மிமீ அளவு விரியும். ஆகவே வண்டியைச் சூடாக்கி, பானெட்டை மூடிப் பத்து நிமிடம் விட்டு, பிறகு ஓ ரிங்கை வாயில் ஒட்டவைத்து உடனே ஓட்டுங்கள். இதைச் செய்யாமல் அளந்தால் வரும் எண் டவரின் அசைவா, சூட்டின் விரிவா என்று சொல்ல முடியாது.

எண் வந்தபின் எப்படிப் படிப்பது? டவர் அரை மிமீ நகர்ந்தால், பால் ஜாயின்ட்டிலிருந்து 650 மிமீ உயரத்தில் அது 0.04 டிகிரி கேம்பர் (சக்கரம் செங்குத்திலிருந்து சாயும் கோணம்) மாற்றம். அதே வளைவில் வண்டி 3 டிகிரி சாய்ந்தால் மேக்பெர்சனில் சக்கரம் ரோட்டுக்கு ஒன்றரை, இரண்டு டிகிரி சாய்ந்துவிடுகிறது. எதைச் சரிசெய்யக் காசு போட வேண்டும் என்பது அந்த இரண்டு எண்ணைப் பக்கத்தில் வைத்தாலே தெரியும்.

பாடி முழுசாக முறுக்குகிறதா என்பதற்கு இன்னும் எளிது. ஜாக்கியால் முன் ஒரு மூலையை மட்டும், பின் சக்கரம் தரையை விடும் அளவுக்குத் தூக்குங்கள். அந்த நிலையில் கதவும் டிக்கியும் எப்போதும்போல் திறந்து மூடுகிறதா? மேல் மூலையில் இடைவெளி மாறுகிறதா? மாறாவிட்டால் பாடியில் குறையில்லை. மாறினால் பிரேஸ் வாங்க ஓட வேண்டாம், எங்கேயாவது பாயின்ட் வெல்டிங் விட்டிருக்கிறதா, பழைய விபத்து வேலையா என்று பாருங்கள்.

செட்டிபாளையம்_லேப்

நான் கொஞ்சம் மாற்றுக் கட்சி.

கணக்கெல்லாம் கம்பெனி ஸ்பிரிங்குக்குச் சரி. டிராக் வண்டிக்கு மில்லிமீட்டருக்கு 70 நியூட்டன் காயில்ஓவர் (ஸ்பிரிங்கும் டேம்பரும் சேர்ந்து வரும் விறைப்பான செட்) போட்டால் முன் ஸ்பிரிங் மட்டுமே டிகிரிக்கு 1300. ஆன்டி ரோல் பாரையும் பின்பக்கத்தையும் சேர்த்தால் 3000-ஐத் தாண்டிவிடும். அப்போது பத்து மடங்கு என்பது ஐந்து மடங்காகிவிடுகிறது. பின் ஆன்டி ரோல் பாரை ஒரு ஓட்டை தள்ளி மாட்டினால் மூக்கில் தெரிய வேண்டிய வித்தியாசத்தில் ஒரு பங்கை பாடி விழுங்க ஆரம்பிக்கிறது. அங்கே பிரேஸுக்கு வேலை வருகிறது. அதற்கும் மேலே போனால் டவர் வரை குழாய் போகும் ரோல் கேஜ், அதாவது வண்டிக்குள் வைக்கும் இரும்புக் குழாய்க் கூண்டுதான். ஃபார்முலா எல்ஜிபி ரேஸ் காரின் குழாய்ச் சட்டத்தைப் பக்கத்தில் நின்று பாருங்கள், குழாய்கள் முக்கோணம் முக்கோணமாகக் கோர்த்திருக்கும். சதுரத்துக்கு ஒரு குறுக்குக் குழாய் போட்டால்தான் அது சட்டம். ரோட்டில் ஓடும் வண்டிக்குக் கேஜ் வேண்டவே வேண்டாம், ஹெல்மெட் இல்லாத தலைக்குப் பக்கத்தில் இரும்புக் குழாய் ஆபத்து.

உணர்வு விஷயமும் இருக்கிறது. பார் போட்டால் ஸ்டீரிங்குக்கு வரும் சின்னச் சின்ன நடுக்கம் மாறும், டேஷ்போர்டு சத்தம் குறையும். லேப் நேரம் மாறாமலே வண்டி இறுக்கமாகிவிட்டதாகத் தோன்றும். அது பொய் இல்லை. ஆனால் பிடிப்பு கூடியதும் இல்லை. யமஹா செய்யும் பர்ஃபார்மன்ஸ் டேம்பர் பாருக்குப் பதிலாக டேம்பரையே இரண்டு முனைக்கும் நடுவே வைத்து அந்த நடுக்கத்தைத் தின்பதற்கென்றே வந்தது. சுபாரு கார் கம்பெனியின் ஸ்போர்ட்ஸ் பிரிவான எஸ்டிஐ செய்யும் டவர் பாரிலும் நடுவில் ஒரு பந்து மூட்டு வைத்துப் பக்கவாட்டில் மட்டும் விறைப்பாக விட்டிருக்கிறார்கள். எல்லாப் பக்கமும் இறுக்கினால் நல்லது என்று அவர்களே நினைக்கவில்லை.

போட்டுத்தான் பார்ப்பேன் என்றால் இப்படிச் சோதியுங்கள். கரியில் ஒரு சுற்று 2.1 கிலோமீட்டர். ஒரே நாள், ஒரே அளவு பெட்ரோல். ஐந்து சுற்று பாருடன், ஐந்து சுற்று இல்லாமல், மறுபடி ஐந்து சுற்று பாருடன். "இல்லாமல்" என்றால் பாரைக் கழற்ற வேண்டாம். ஒரு பக்க போல்ட்டை மட்டும் கழற்றி, பார் ஆடிச் சத்தம் போடாதபடி துணி சுற்றிக் கட்டி வையுங்கள். அதைக் கூட வந்தவர் செய்யட்டும். ஓட்டுகிறவருக்குத் தெரியக்கூடாது. முதல் ஐந்துக்கும் கடைசி ஐந்துக்கும் உள்ள வித்தியாசத்தைவிட நடு ஐந்து விலகி நிற்கிறதா என்று பார்த்தால் போதும். டயர் காற்றை ஒவ்வொரு முறையும் சூட்டோடு அளந்து ஒரே அளவில் வையுங்கள், 10 டிகிரிக்கு ஒன்றரை பிஎஸ்ஐ ஏறும். இதை விட்டுவிட்டால் பாரை அல்ல, காற்றைத்தான் சோதித்திருப்பீர்கள்.

வால்பாறை ரோட்டில் சோதிக்காதீர்கள். நாற்பது கொண்டை ஊசியில் ஒன்பதாவது பக்கம் வரையாடு ரோட்டிலேயே நிற்கும். அதற்கு உங்கள் லேப் நேரம் தெரியாது.

பல்லடம்_டர்போ

அளந்துட்டேனுங்க. டயல்கேஜ் அண்ணா சொன்ன மாதிரியே சூடு பண்ணி, ஓ ரிங் வெச்சு, பொள்ளாச்சி ரோட்டுல நாலு வேகத்தடையும் ரெண்டு ரவுண்டானாவும். 0.2 மில்லி ஃபீலர் போச்சு, 0.25 போகல. ஜாக்கி வெச்சுத் தூக்கியும் பார்த்தேன், கதவு டிக்கி எல்லாம் ஒழுங்காத் தொறக்குது.

அப்பறம் டயர் பக்கச் சுவத்துல நாலு எண் பார்த்தேன், 1117-னு இருக்குதுங்க. லோயர் ஆர்ம் பின் புஷ்ல ரப்பர் வட்டமா வெடிச்சிருக்குது, கடப்பாரையில நெம்புனா ஆர்ம் நல்லாவே முன்ன பின்ன போகுது.

முறுக்குக்கணக்கு

1117 என்றால் 2017-ம் வருடம் பதினொன்றாம் வாரம். பள்ளம் எவ்வளவு மீதியிருந்தாலும் ரப்பர் கெட்டிப்பட்டுப்போயிருக்கும். முன் டயர் வழுக்குவதற்குப் பாதிக் காரணம் கிடைத்துவிட்டது.

அந்தப் பின் புஷ்தான் உங்கள் முதல் இரண்டு தொந்தரவும். ஸ்டீரிங்கை ஒடித்ததும் டயரின் விசை முதலில் அந்தக் கிழிந்த ரப்பரை அமுக்கித் தீர்க்கிறது, பிறகுதான் வண்டியைத் திருப்புகிறது. வளைவு நடுவே மேடு வந்தால் ஆர்ம் பின்னால் போய் டோ (மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளே, வெளியே திரும்பியிருக்கும் கோணம்) மாறுகிறது, மூக்கு தள்ளுகிறது. கால் மிமீ கூட அசையாத டவருக்கு பார் வாங்கி, ஆடுகிற புஷ்ஷை விட்டுவைப்பது ஓட்டைக் குடத்துக்கு வெளியே பூச்சு வேலை.

வரிசை இப்படி வைத்துக்கொள்ளுங்கள். லோயர் ஆர்ம் புஷ் இரண்டு பக்கமும், கூடவே பால் ஜாயின்ட்டும் ஸ்ட்ரட் மேல் மவுன்ட்டும் பாருங்கள். புஷ்ஷை இறுதியாக இறுக்கும்போது வண்டி தன் காலில் நிற்க வேண்டும். சக்கரம் தொங்கும்போது இறுக்கினால் ரப்பர் முறுக்கிய நிலையிலேயே நின்று சீக்கிரம் கிழியும். லிஃப்டில் தொங்கவிட்டே இறுக்கி அனுப்புவது சாதாரணமாக நடக்கிற தப்பு, நின்று பார்த்துச் செய்ய வைக்க வேண்டும். பின் பீமின் முன் புஷ் இரண்டையும் சேர்த்துப் பாருங்கள், அது தளர்ந்தால் பின்பக்கம் தானே ஸ்டீரிங் பிடிக்கும். டேம்பர் 92,000-க்குப் பிறகு நான்கும். பிறகு டயர். எல்லாம் முடிந்ததும் அலைன்மென்ட்: உங்கள் நக்கிளில் (சக்கரத்தைத் தாங்கும் வார்ப்பு) ஸ்ட்ரட் இரண்டு போல்ட்டில் மாட்டியிருந்தால் கேம்பர் போல்ட் போட்டு முன்னால் மைனஸ் ஒன்றரை டிகிரி வரை கொண்டுவரலாம், டோ பூஜ்யம். அந்த ஒன்றரை டிகிரி செய்வதை எந்தப் பாரும் செய்யாது.

இதற்குப் பிறகும் மூக்கு வழுக்கினால் பின் பீமுக்கு ஆன்டி ரோல் பார். மிதமானதாகப் போடுங்கள். தடிமனாகப் போட்டு, மழையில் வால்பாறை இறக்கத்தில் வளைவு நடுவே ஆக்ஸிலரேட்டரை விட்டால் பின்பக்கம் முன்னால் வரப் பார்க்கும்.

கணபதி_பட்டறை

சரியாச் சொன்னீங்க சார். தம்பி, பின் ஸ்ட்ரட் பாரும் உங்களுக்கு வேண்டாம். டார்ஷன் பீம்ல ஸ்பிரிங் தனி, டேம்பர் தனி. டேம்பர் மேல் முனையில டேம்பரோட விசை மட்டுந்தான் வருது, வளைவோட பக்கவாட்டு விசை பீம் புஷ் வழியாப் போயிருது. எச் பிரேஸ் அடியில 25 மில்லி தொங்குனா நம்மூரு பெயிண்டடிக்காத வேகத்தடையில மொதல்ல அடி வாங்கறது அதுதான். ஆயில் மாத்தறப்பல்லாம் கழட்டோணும் வேற.

பின்னாடி என்னிக்காவது காயில்ஓவர் போட்டு மேல் பாரும் போட்டீங்கன்னா சில விசயம். சமதளத்துல வண்டி நாலு சக்கரத்துலயும் நிக்கறப்ப மாட்டுங்க. டர்ன்பக்கிள் (திருகி நீளத்தை மாத்தற மூட்டு) இருந்தா தொளதொளப்பு போற வரைக்கும் கையில திருகி பூட்டு நட்டைப் போட்டாப் போதும், ஸ்பானர் போட்டு டவரைத் தள்ளி வைக்கறது தப்பு. பிராக்கெட் தடிமனுக்கு ஸ்டட்டுல மரை பத்துமான்னு பாருங்க, நட்டுக்கு மேல ரெண்டு மரையாவது தெரியோணும். எம்8 ஸ்டட்டுன்னா 20, 25 நியூட்டன் மீட்டர் அளவுதான், மேனுவல்ல உங்க வண்டிக்கு என்ன போட்டிருக்குதோ அது. நீளக் கைப்புடி போட்டு இழுத்தா ஸ்டட்டு அறுந்து மவுன்ட்டே மாத்தோணும். நூறு கிலோமீட்டர் ஓட்டிட்டு ஒருக்கா மறுபடி டார்க் பாருங்க. பானெட்டு இடிக்குமான்னு பார்க்க, பார் மேல புள்ளைங்க வெளையாடற களிமண்ணை உருட்டி வெச்சு பானெட்டை மூடித் தொறங்க. களிமண்ணு பத்து மில்லிக்குக் கீழ நசுங்கியிருந்தா இடம் பத்தாது, எஞ்சின் குலுங்கறப்ப பைப்பு எதாவது ஒரசும். இன்சூரன்ஸ்காரங்களுக்கும் ஒரு வார்த்தை எழுதிக் குடுத்துருங்க. ஒரு பக்கம் இடிச்சா பார் அடியை அடுத்த டவருக்கும் கொண்டுபோயிரும், அப்ப ரெண்டு டவரும் வேலைதான்.

பல்லடம்_டர்போ

புஷ்ஷு, டேம்பரு, டயருன்னு முடிவு பண்ணிட்டேனுங்க. கடைக்காரங்க கிட்ட வேண்டாம்னு சொல்லிட்டேன். அந்த டிக்கி கிறீச் சத்தம் மட்டும் என்னங்கண்ணா?

டயல்கேஜ்

டிக்கிப் பூட்டு கொக்கியைச் சுற்றித் துணிப் பட்டை டேப் ஒரு சுற்று ஒட்டி ஒரு நாள் ஓட்டிப் பாருங்கள். சத்தம் போய்விட்டால் அது பூட்டின் தளர்வு. டேப்பை எடுத்துவிட்டு, கொக்கியின் இரண்டு போல்ட்டைத் தளர்த்தி உள்பக்கம் ஒரு மிமீ தள்ளி இறுக்குங்கள். போகவில்லை என்றால் டிக்கியின் இரண்டு கீழ் மூலையிலும் இருக்கும் ரப்பர் குமிழைக் கால் திருகு வெளியே எடுங்கள், மூடும்போது இரண்டு பக்கமும் ஒரே மாதிரி அமுங்க வேண்டும். அதற்கும் போகாவிட்டால் பார்சல் ட்ரேயின் கீல். ட்ரேயை எடுத்து வீட்டில் வைத்துவிட்டு ஒருமுறை ஓட்டுங்கள், தெரிந்துவிடும்.